மண்பாதை ஹெல்மெட்டில் ஆக்‌ஷன் கேமராவைப் பொருத்துவது எப்படி?

மண்பாதையில் பைக் ஓட்டுவதற்கான ஹெல்மெட்டில் வெயிலையும் சேற்றையும் தடுக்கும் பீக் நெற்றிக்கு மேல் நீண்டிருக்கும். தாடைப்பகுதியும் முன்னே கூராகத் துருத்தியிருக்கும். ஆகவே கேமராவை எங்கே வைப்பது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். உச்சியில் வைத்தால் காட்சி விரிவாகக் கிடைக்கும் என்றாலும், தாழ்ந்த கிளைகளில் முதலில் சிக்குவது அதுதான். விழும்போது நெம்புகோலைப் போலத் தலையைத் திருப்பி, கழுத்துக்கு ஆபத்தும் உண்டாக்கலாம். பீக் மெல்லிய பிளாஸ்டிக்கால் ஆனது என்பதால், அதன் மேல் வைத்த கேமரா குலுங்கிக்கொண்டே இருக்கும். பக்கவாட்டில் வைத்தால் எடை ஒருபுறம் இழுக்கும். என் தேர்வு தாடைப்பகுதிதான்: கண்மட்டத்துக்கு அருகில் இருப்பதால் ஹேண்டில்பாரும் கைகளும் முன்சக்கரத்தின் போக்கும் ஒரே சட்டகத்தில் அடங்குகின்றன.

கேமராவை ஹெல்மெட்டோடு இணைக்கும் தாங்கியே மவுண்ட். கூரான தாடையில் தட்டையான மவுண்ட் ஒட்டாது. விளிம்புகள் தூக்கி நிற்கும். அந்தந்த ஹெல்மெட் மாடலின் வடிவத்துக்கேற்ப வார்க்கப்பட்ட தாடை மவுண்ட் கிடைத்தால் அதையே வாங்கலாம். கிடைக்காவிட்டால், வளைந்த அடிப்பாகம் கொண்ட மவுண்டை ஒட்டுவதற்கு முன் வெறுமனே வைத்துப் பார்த்து, பரப்பு முழுவதும் படிகிறதா, காற்றுத்துளைகள் மூடப்படாமல் இருக்கின்றனவா என்று சோதித்துக்கொள்ள வேண்டும்.

மவுண்ட் கழன்று விழுவதற்குப் பெரும்பாலும் காரணம் பசை அல்ல, அவசரம்தான். ஒட்டும் இடத்தைச் சோப்பு நீரால் கழுவி உலர்த்தியபின், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, மீண்டும் உலர விட வேண்டும். பெட்ரோல், தின்னர், அசிட்டோன் ஆகியவற்றைத் தொடவே கூடாது. ஹெல்மெட்டின் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் வெளிக்கூட்டை அவை வெளியே தெரியாமலேயே பலவீனப்படுத்திவிடும். அறை வெப்பநிலையில், இருபக்க நுரைப்பசைப் பட்டையின் தாளை உரித்து, ஒரே முயற்சியில் வைத்து, அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒட்டியவுடன் உறுதியாகப் பிடித்ததுபோல் தோன்றினாலும், இத்தகைய பசை மெதுவாகவே முழு வலிமை பெறுகிறது. 24 மணி நேரமாவது கேமராவை மாட்டாமல் விட்டுவைக்க வேண்டும், 72 மணி நேரம் இன்னும் நல்லது. சொரசொரப்பான மேட் பூச்சின் மீது பிடிமானம் குறையும். என்ன ஆனாலும் ஹெல்மெட்டில் துளையிட்டுத் திருகாணி பொருத்தக் கூடாது. அடிபட்டால் உள்ளே இருக்கும் நுரையையும் தலையையும் அந்தத் திருகாணியே தாக்கும்.

ஹெல்மெட்டை அணிந்து, காகிள்ஸையும் மாட்டிக்கொண்டு, வண்டி மீது ஏறி, கால் வைக்கும் ஃபுட்பெக்கில் நின்றபடி கோணத்தை அமைக்க வேண்டும். உட்கார்ந்து அமைத்தவர்களின் காணொளியில் முன் மட்கார்டே நிறைந்திருப்பதைப் பார்க்கலாம், ஏனெனில் கரடுமுரடான இடங்களில் எழுந்து நின்று முன்சாய்ந்து ஓட்டும்போது தலையின் சாய்வு மாறிவிடுகிறது. நின்ற நிலையில் தொடுவானம் சட்டகத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில் விழுமாறு வைத்து, சிறு சோதனைப் பதிவு எடுத்துப் பார்த்தபின் திருகை இறுக்கலாம். கேமராவைத் தலைகீழாக மாட்டியிருந்தால், படத்தைத் திருப்பும் அமைப்பு இயங்குகிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

கேமராவிலிருந்து ஹெல்மெட்டுக்கு ஒரு மெல்லிய கயிறு கட்டுவது நல்லது. ஆனால் அது கழுத்திலோ ஹெல்மெட்டின் வாரிலோ சுற்றக் கூடாது. மவுண்ட் பெயர்ந்தால் கேமரா புதருக்குள் தொலையாமல் இருப்பதற்கு மட்டுமே அது. விழுந்து அடிபடும்போது மவுண்ட் பெயர்ந்து போவதே பாதுகாப்பு என்பதால், கூடுதல் பசையோ கம்பியோ சேர்த்து அதை அசையாதபடி இறுக்க வேண்டாம். பந்தயத்தில் கலந்துகொள்பவர்கள் நடத்துநரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ள வேண்டும்; ஹெல்மெட்டில் எதையும் பொருத்தத் தடை விதிக்கும் போட்டிகள் உண்டு.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் மவுண்டின் ஓரங்களை விரல் நகத்தால் லேசாக நெம்பிப் பார்த்து, எங்காவது பசை விலகியிருந்தால் அதை அழுத்தி ஒட்டாமல், முழுவதும் அகற்றிப் புதிய பட்டையை ஒட்ட வேண்டும். அகற்றும்போது கத்தி வேண்டாம். பல் இடுக்கு நூலை மவுண்டுக்கு அடியில் செலுத்தி, இருபுறமும் மாறிமாறி இழுத்தாலே நுரைப்பசை அறுபட்டு வந்துவிடும்.