செட்டிநாட்டு வீட்டின் பழைய இரும்பு கேட்டைச் சீர்செய்வது எப்படி

செட்டிநாட்டுப் பழைய வீட்டு கேட் எங்கே கெட்டிருக்கிறது என்று பார்க்கக் குனிய வேண்டும். மேலே பூவேலை நன்றாகவே இருக்கும். அடிச்சட்டமும், கேட் சுழலும் கீழ் முளையும்தான் அரித்துப் போயிருக்கும். பல வருஷமாகக் கொட்டிய கிராவலும் மண்ணும் வாசலை உயர்த்தி, அடிச்சட்டத்தை ஈரத்தில் புதைத்துவிடுகின்றன. ஆகவே பெயிண்டுக்கு முன் மண்வெட்டி.

கேட்டுக்கு அடியில் 5 செ.மீ. வெளிச்சம் தெரியும்வரை மண்ணை எடுங்கள். பழைய படிக்கல் தட்டுப்பட்டால் அதுதான் அந்தக் கால மட்டம். அதற்குக் கீழே தோண்ட வேண்டாம். தண்ணீர் கேட்டிலிருந்து விலகி ஓட, மீட்டருக்கு 2 செ.மீ. வாட்டம் கொடுங்கள். புதிதாகப் போட்ட தார்ச்சாலை வீட்டைவிட உயரமாகிவிட்ட தெருவென்றால், கேட்டுக்கு உள்பக்கம் குறுக்கே ஒரு கால்வாய் வெட்டித் தண்ணீரைத் தோட்டத்துக்குத் திருப்பிவிடுங்கள். தரைக்கு சிமெண்ட் பூச வேண்டாம்; அந்த 5 செ.மீ. இடைவெளி குறையாதபடி கிராவல் போட்டுத் திமிசு கட்டையால் இடித்தால் போதும்.

அடுத்து, இரும்பு எது என்று பாருங்கள். ஓரத்தில் அச்சுக்கோடு (வார்த்த அச்சின் இரு பாதி சேர்ந்த தடம்) தெரிந்தால் வார்ப்பிரும்பு. அடித்து வளைத்து, ரிவெட்டும் பட்டையும் போட்டுச் சேர்த்திருந்தால் பெரும்பாலும் தேனிரும்பு (wrought iron). இதைப் பார்க்காமல் பட்டறைக்கு அனுப்புவதுதான் பெரிய தவறு. வார்ப்பிரும்பில் சாதாரண வெல்டிங் ராடு வைத்தால், ஆறும்போது பற்றுக்குப் பக்கத்திலேயே புது விரிசல் விடும். நிக்கல் ராடு கேளுங்கள். முன்கூட்டியே சூடேற்றி, வேலை முடிந்ததும் உலர்ந்த சாம்பலில் மூடி மெதுவாக ஆறவிடச் சொல்லுங்கள். பாரம் எதையும் சுமக்காத பூவேலை என்றால் பின்பக்கம் தகடு வைத்து போல்ட் போடுவதே மேல்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலரத் தேய்க்கவோ நெருப்பு காட்டவோ கூடாது. நனைத்துச் சுரண்டுங்கள், நல்ல வடிகட்டி முகக்கவசம் போடுங்கள், கீழே தார்பாய் விரித்துச் சுரண்டலைச் சேகரியுங்கள். அது பாத்தியில் விழுந்தால் மண் கெடும். பிறகு துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்து நன்றாக உலர்த்தி, அன்றைக்கே ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் இரண்டு கோட் தொடங்குங்கள். ராத்திரி பனி பட்டால் மறுநாள் காலையில் மெல்லிய செந்துரு படர்ந்திருக்கும். அதன்மேல் அடித்த பெயிண்ட் உரிந்துவிடும். பட்டைக்கும் கம்பிக்கும் நடுவே உள்ள சந்தில் பிரஷ் நுனியால் பிரைமரைக் குத்தி ஏற்றுங்கள். துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். மேலே எனாமல் இரண்டு கோட். ஐப்பசி மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

கேட் தூணில் பூச்சு உதிர்ந்திருந்தால் சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று. சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே சிக்கிச் செங்கல் பொடியும்.

தூணை ஒட்டி அரசோ ஆலோ தலைகாட்டினால் வேரோடு எடுங்கள். வேம்பை 5 மீட்டர் தள்ளி வையுங்கள். கேட் பக்கம் நந்தியாவட்டை, செம்பருத்தி போதும். தூணிலிருந்து ஒரு மீட்டர் விட்டு நட்டு, சொட்டு நீர் விடுங்கள். தெளிப்பான் வைத்தால் தினமும் நனைவது கேட்தான்.