புதுப் பிள்ளை மூன்றாம் கிழமை ஏன் வரவில்லை?

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ புதுக்குடியிருப்பிலோ கடை, மில், கிளினிக் நடத்துகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரே முறைப்பாடுதான்: "வேலைக்கு எடுக்கிற பிள்ளையள் நிக்குதுகள் இல்லை." காரணமும் கையோடு வரும். வெளிநாட்டு ஆசை, கொழும்பு ஆசை, கையில் போன். உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஏஜென்சி, பாஸ்போட், விசா என்று வெளிநாடு போகவே மாதக்கணக்கில் எடுக்கும். மூன்றாம் கிழமை சொல்லாமல் கொள்ளாமல் விட்டுப் போகிறவர் வேறு எதற்காகவோ போகிறார். அந்தக் காரணம் அநேகமாக நம்முடைய இடத்திலேயே இருக்கும்.

முதல் தவறு, "பாப்பம், நிண்டா எழுதுவம்" என்ற எண்ணம். நியமனக் கடிதம் இல்லை. சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் "பாத்துச் செய்வம்". நீங்கள் அந்தப் பிள்ளையைப் பரீட்சித்துப் பார்க்கிறீர்கள்; அதுவும் உங்களைப் பரீட்சித்துப் பார்க்காதா? 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி பதவி, சம்பளம் போன்ற விபரங்களை வேலை தொடங்கும்போதே எழுத்தில் கொடுக்க வேண்டும். வேலை நேரமும் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 என்று அதிலேயே இருக்கிறது. ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி), ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) இரண்டும் முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டியவை. தகுதிகாண் காலம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்பது முதலாளிமார் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது.

இவற்றைக் கட்டுகிற முதலாளிமாரும் ஒன்றில் கோட்டை விடுகிறார்கள்: விளங்கப்படுத்துவதில்லை. தனியார் துறையில் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா. அந்தச் சம்பளத்துக்கு வந்த பிள்ளையின் கைக்கு முதல் மாதம் 27,600 தான் போகும். 8 வீதம், அதாவது 2,400 ரூபா, ஈ.பி.எஃப். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் வீட்டில் என்ன பேசுவார்கள்? "முதல் மாதமே வெட்டிப்போட்டான்." உண்மையில் முதலாளி தன் பக்கத்திலிருந்து 12 வீதம், 3,600 ரூபா, அந்தக் கணக்கில் போடுகிறார். ஈ.டி.எஃப். 3 வீதம், 900 ரூபா, அது வேறு. இவ்வளவு காசு கொடுத்தும் கெட்ட பெயர் வாங்குவதைப்போல வீண் செலவு இல்லை. முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் காட்டினால் பத்து நிமிட வேலை. சம்பளத் திகதியையும் அதிலேயே எழுதிவிடுங்கள். அடகு மீட்க, லீசிங் கட்ட என்று அந்தத் திகதியை நம்பி வீட்டில் கணக்குப் போட்டிருப்பார்கள்.

அடுத்தது பஸ். வன்னிக்கு வெளியே இருந்து வரும் மனேஜர்மாருக்கு இது பிடிபடுவதே இல்லை. ஏ9 வீதியில் பஸ்ஸுக்குக் குறைவில்லை. உள்ளே இறங்கிவிட்டால் கதை வேறு. ஆறு மணிக்குக் கடையைப் பூட்டி, கணக்குப் பார்த்து, "இன்னும் கொஞ்ச நேரம்" என்று ஆறே முக்காலாக்கினால் கடைசி பஸ் போய்விடும். அண்ணனோ தகப்பனோ மோட்டார்சைக்கிளில் வந்து வாசலில் நிற்கவேண்டும். நாலு நாள் பொறுப்பார்கள், ஐந்தாம் நாள் "வேலையும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்". ஆகவே வேலைக்கு எடுக்கும்போதே கேளுங்கள்: எந்த பஸ், கடைசி பஸ் எத்தனை மணிக்கு? அதற்குள் விட முடியாத வேலை என்றால் அப்போதே சொல்லிவிடுங்கள். வேலைக்கு வருவது பெண்பிள்ளை என்றால் தாயையும் ஒரு நாள் வரச்சொல்லி, பிள்ளை எங்கே இருக்கும், யாரோடு வேலை செய்யும் என்று காட்டுவது நல்லது. சிலர் இதைத் தேவையில்லாத வேலை என்பார்கள். என்னைக் கேட்டால், பிள்ளை நிற்பதா போவதா என்று பாதிநேரம் தாய்தான் முடிவெடுக்கிறார்.

லீவு விஷயம் சின்னது. காலபோக அறுவடை, வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஆவணியில் மடுத் திருவிழா எல்லாம் எப்போது வரும் என்று முதலாளிக்கும் தெரியும். பிறகு ஏன் ஒவ்வொரு வருடமும் அதிர்ச்சி? யாருக்கு எப்போது லீவு தேவைப்படும் என்று சேரும்போதே கேட்டு எழுதி வைத்தால் சரி.

முதல் நாள் "நில்லுங்கோ, அண்ணை வந்து சொல்லுவார்" என்று நிற்க வைப்பதும், பிழை விட்டால் வாடிக்கையாளர் முன்னால் ஏசுவதும் ஏன் கூடாது என்று விளக்கத் தேவையில்லை.

ஆனால் அந்த அண்ணையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய ஆளிடம் புது ஆளை ஒப்படைப்பது வழக்கம். பழைய ஆளுக்கோ விற்பனையில் கொமிஷன். பழக்கிக் கொடுக்கும் நேரமெல்லாம் அவருடைய காசு. பழகிவிட்டால் புது ஆள் போட்டியும்கூட. அவர் எப்படி மனம் வைத்துச் சொல்லிக் கொடுப்பார்? சாமான் எங்கே இருக்கிறது என்றுகூட நேராகச் சொல்லாத ஆட்கள் இருக்கிறார்கள். அவரைத் திட்டிப் பயனில்லை. புது ஆள் இருக்கும் முதல் இரண்டு மாதத்துக்கு அவருடைய இலக்கைக் குறைத்துவிடுங்கள், அல்லது பழக்கிக் கொடுப்பதற்கென்று ஒரு தொகை பேசிக் கொடுங்கள்.