ரப்பர் புழுவை முள்ளில் நேராகக் கோர்க்க வளையத்தை எண்ணுங்கள்

லேக் ஃபோர்க் மாதிரி மூழ்கிய மரங்கள் நிறைந்த டெக்சாஸ் ஏரிகளில் ரப்பர் புழுவை இரையாகக் கோர்த்துத் தூண்டில் போடும்போது, முள் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சீக்கிரமே கட்டையில் மாட்டும். நுனியைப் புழுவின் உடம்புக்குள்ளேயே ஒளித்துக் கோர்க்கும் முறைதான் டெக்சாஸ் ரிக். லார்ஜ்மவுத் பாஸ் என்ற பெரியவாய் மீனுக்கு முதலில் பழக வேண்டியது இதைத்தான். முடிச்சுப் போடவும் வீசவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

எந்தப் புழு? உடம்பெல்லாம் வளையம் வளையமாக இருக்கும் 7 அங்குலப் புழு. வளையங்கள் தண்ணீரைத் தள்ளுவதால் அது மெதுவாக இறங்கும்; பள்ளங்களில் தங்கிய காற்று குமிழாக வெளியேறும்; தடவிய வாசனை எண்ணெயும் சீக்கிரம் கழுவிப் போகாது. கலங்கிய, வெதுவெதுப்பான தண்ணீருக்கு இதுவே என் முதல் தேர்வு. குளிர்ந்த, தெளிந்த தண்ணீரில் மெல்லிய வழவழப் புழுதான் மேல். பாசி நூல் நூலாக மிதக்கும் இடத்திலும் வளையப் புழு வேண்டாம், ஒவ்வொரு பள்ளத்திலும் பாசி சுற்றிக்கொள்ளும்.

நிறத்துக்காக ரொம்ப மெனக்கெட வேண்டாம். தெளிந்த தண்ணீருக்கு கிரீன் பம்ப்கின் (பழுப்பு கலந்த பச்சை), கலங்கலுக்கு கறுப்பு-நீலம். இந்த இரண்டு பை போதும்.

மற்றவை: 4/0 அளவு அகலவாய் ஆஃப்செட் முள் (காதுக்குக் கீழே படி மாதிரி மடிந்தது), 1/4 அவுன்ஸ் தோட்டா வடிவக் குண்டு, 15 பவுண்டு தாங்கும் ஃப்ளூரோகார்பன் தூண்டில் நரம்பு, 7 அடி மீடியம்-ஹெவி ராடு (ஓரளவு விறைப்பான தூண்டில் கோல்). குண்டில் டங்ஸ்டன்தான் வாங்குவேன். விலை கூடுதல்தான், ஆனால் அதே எடைக்கு ஈயத்தைவிடச் சிறியது. அடியில் கிடப்பது கல்லா சேறா என்று கைக்கே தெரியும். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் சின்ன ஈயக்குண்டுக்குத் தடையே இருக்கிறது.

1. குண்டின் கூர்முனை ராடைப் பார்க்கும்படி நரம்பில் கோர்த்து, பாலோமார் முடிச்சில் முள்ளைக் கட்டுங்கள். இறுக்கும் முன் முடிச்சை எச்சிலால் நனையுங்கள்.

2. புழுத் தலையின் நட்ட நடுவில் முள்ளைக் குத்தி, கால் அங்குலம் உள்ளே போனதும் வயிற்றுப் பக்கம் வெளியே எடுங்கள். முள்ளின் காது (நரம்பு கட்டிய துளை) தலைக்குள் மறையும் வரை இழுத்து, நுனி புழுவைப் பார்க்கும்படி அரைச்சுற்றுத் திருப்புங்கள்.

3. பலரும் சொதப்பும் இடம் இதுதான். புழுவைத் தொங்கவிடுங்கள். முள்ளும் அதன் பக்கத்தில் தொங்கும். முள்ளின் வளைவு எந்த வளையத்துக்கு நேராக நிற்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் நகத்தால் அழுத்தி அடையாளம் வையுங்கள். அதற்குப் பக்கத்துப் பள்ளத்தில், மேட்டில் அல்ல, நேர்குத்தாகக் குத்தி முதுகில் வெளியே எடுங்கள். மேட்டில் குத்தினால் நுனி வழுக்கிச் சாய்ந்து போகும்.

அடையாளத்துக்கு முன்னால், தலைப் பக்கமாகக் குத்திவிட்டால் புழு இழுபட்டு விறைக்கும், தலையும் சீக்கிரம் கிழியும். தள்ளி வால் பக்கமாகக் குத்தினால் நடுவில் கூன் விழும். இரண்டிலும் புழு இழுக்கும்போது பம்பரமாய்ச் சுற்றும், நரம்பு முறுக்கேறும், பாஸ் சீந்தாது. சரியாக வந்ததும் தலையிலிருந்து எத்தனையாவது பள்ளம் என்று எண்ணி வையுங்கள். ஒரே அச்சில் வார்த்தவை என்பதால், அதே முள் இருக்கும்வரை பையில் உள்ள மற்ற புழுக்களுக்கும் அதே எண்தான்.

4. வெளியே வந்த நுனியை முதுகின் தோலில் லேசாகச் செருகி மறையுங்கள். ஆழமாகப் புதைத்தால் மீன் கவ்வும்போது நுனி வெளியே வராது.

வீசுவதற்கு முன் கரையோரத் தண்ணீரில் இழுத்துப் பாருங்கள். சுற்றினால் கழற்றி மறுபடி கோர்க்கவும்.

வீசியதும் நரம்பைக் கொஞ்சம் தளர்வாக விட்டு, அடியில் படும்வரை அதையே பாருங்கள். பெரும்பாலும் இறங்கும்போதுதான் கவ்வும். நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தாலோ சட்டென்று துவண்டாலோ மீன்தான். அடியில் பட்டதும் ராடைக் கடிகாரத்தின் 9 மணியிலிருந்து 11 மணி வரை மெல்லத் தூக்கி, இறக்கி, ஐந்து விநாடி சும்மா விடுங்கள். "டொக் டொக்" என்று தட்டினால் ராடைத் தாழ்த்தித் தளர்வைச் சுற்றி எடுத்து, ஓங்கி இழுங்கள்.

பின்சேர்க்கை: தலை கிழிந்த புழுவை சூப்பர் க்ளூ ஒரு சொட்டு விட்டு ஒட்டலாம். ஒட்டாததை ஏரியில் எறியாதீர்கள், மீன் விழுங்கினால் வயிற்றிலேயே கிடக்கும்.

இன்னொன்று, "பெட்டியில் வைத்த புழு உருகிக் கூழாகிவிட்டது" என்று கேட்டவர்களுக்கு: இசட்-மேன் கம்பெனியின் எலாஸ்டெக் என்ற இழுவைப் பொருளால் ஆன புழுவை சாதாரண ரப்பர் புழுவோடு சேர்த்து வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று கரைத்துவிடும். சில பிளாஸ்டிக் பெட்டிகளும் அப்படியே. வாங்கிய பையிலேயே, நிறம் வாரியாகத் தனித்தனியாக வையுங்கள். கறுப்பின் சாயம் பச்சையில் ஏறினால் போகாது.