பழைய பைக்கை சாரிட்டி ரைடுக்கு ரெடி பண்றப்போ நாம பண்ற தப்புகள்

சல்லிசா ஒரு பழைய பைக் வாங்கி, நாமளே கழட்டி மாட்டி ரெடி பண்ணி, ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டி ஒரு நல்ல காரியத்துக்கு காசு சேர்க்கலாம்னு கிளம்புறவங்க நிறைய பேரு. அதுல சில வண்டி பாதி வழியில லாரில ஏறிடும். அதுக்கு வண்டி பழசா இருக்குறது காரணம் இல்லங்க, நாம எந்த வேலைய முதல்ல தொட்டோம்ங்கறதுதான் காரணம்.

வாங்குன அன்னைக்கே மொத்தத்தையும் கழட்டி டேங்க்க பெயிண்ட்டுக்கு கொடுத்துடுவோம், அப்புறம் சைலன்சர், அப்புறம் சீட்டு, அப்புறம் ஹேண்டில்பார், கடைசி வாரத்துல தான் "ஆமா பிரேக்க பாக்கலயே"னு ஞாபகம் வரும். கண்ணுக்கு தெரியுறதுக்கு எல்லாம் செலவு பண்ணிட்டு, வண்டிய ஊர் கொண்டு சேர்க்குற பேரிங், ரப்பர், வயரிங் மூணையும் விட்டுடுறோம். பெயிண்ட் உரிஞ்ச வண்டி ரோட்டுல நிக்காது, பேரிங் போனா நிக்கும்.

அடுத்தது மீட்டர பாத்து ஏமாறுறது. 15,000 கிலோமீட்டர் தான் ஓடிருக்குனு குதிக்காதீங்க, எட்டு வருஷம் ஷெட்ல சும்மா நின்ன அந்த வண்டிய விட தினமும் ஓடி 60,000 தாண்டுன வண்டி பல நேரம் எவ்வளவோ பரவால்ல. நின்ன வண்டில பெட்ரோல் ஆவியாகி கார்பரேட்டர்குள்ள பிசின் மாதிரி படிஞ்சிருக்கும், டேங்க் உள்ள துரு, ஃபோர்க் (முன் சக்கரத்த தாங்குற ஷாக்) ஆயில் சீல் காஞ்சு போயிருக்கும், பேரிங் கிரீஸ் மெழுகு மாதிரி இறுகியிருக்கும். டயரும் அப்படித்தான், பட்டன் புதுசு மாதிரி இருக்கேனு விட்டுடுவோம், ஆனா சைடுல நாலு நம்பர் இருக்கும் பாருங்க, 2319னு இருந்தா 2019ம் வருஷம் 23வது வாரம் செஞ்ச டயர்னு அர்த்தம். பத்து வருஷம் ஆன டயர் கல்லு மாதிரி ஆயிருக்கும், மழைல பிடிக்கவே பிடிக்காது, அத மாத்தும்போது பழைய டியூபையே திரும்ப போடாதீங்க.

பெட்ரோல் விஷயத்துல தான் நான் நல்லா அடி வாங்கிருக்கேன். கார்பரேட்டர பளபளனு க்ளீன் பண்ணி மாட்டிட்டு டேங்க்க அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டேன், ஒரே நாள்ல டேங்க் துரு மொத்தமும் கார்பரேட்டர்ல. டேங்க்க முதல்ல பண்ணுங்க. வினிகரோ சிட்ரிக் ஆசிடோ ஊத்தி ஊற வச்சு துருவ எடுத்ததும், சமையல் சோடா கலந்த தண்ணில அலசி உடனே நல்லா காய வைங்க, ஈரமா விட்டா சில மணி நேரத்துலயே மறுபடி செம்மண் கலர்ல துரு பூத்துடும். பெட்ரோல் டியூபையும் புதுசா போட்டு நடுவுல ஒரு ஃபில்டர் வைங்க. ஸ்லோ ஜெட் (கார்பரேட்டர்ல பெட்ரோல் போற சின்ன ஓட்டை உள்ள பாகம்) அடைச்சிருக்குனு கம்பிய விட்டு குத்தாதீங்க, அது பித்தளை, ஓட்டை கொஞ்சம் பெருசானாலும் அப்புறம் ட்யூனிங்கே நிக்காது.

அதே வண்டி அதுக்கப்புறமும் முப்பது நாப்பது கிலோமீட்டருக்கு ஒரு தடவ அணைஞ்சு போகும், பத்து நிமிஷம் நின்னா ஸ்டார்ட் ஆகும். பிளக் மாத்தினேன், காயில் மாத்தினேன், ஒண்ணும் வேலைக்கு ஆகல. கடைசில பாத்தா டேங்க் மூடில காத்து போற சின்ன ஓட்டை அடைச்சிருக்கு, பெட்ரோல் இறங்க இறங்க உள்ள காத்து வராம இழுத்துப் புடிச்சிருக்கு. வண்டி அணையுறப்போ மூடிய திறங்க, புஸ்ஸுனு சத்தத்தோட காத்து உள்ள போனா இதேதான். ஒரு பைசா செலவில்லாத வேலைக்கு ரெண்டு வாரம் போச்சு.

என்ஜின்? புகை இல்ல, கம்ப்ரெஷன் நல்லா இருக்கு, வேற சத்தம் இல்லனா தயவுசெஞ்சு திறக்காதீங்க. போரிங் பண்ணி (சிலிண்டர் உள்பக்கத்த கடைஞ்சு) புது பிஸ்டன் போட்டே ஆகணும்னா ரைடுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே பண்ணிடுங்க, ஏன்னா முதல் 500லேர்ந்து 1,000 கிலோமீட்டர் வரைக்கும் மெதுவா ஓட்டி செட் ஆக விடணும், லக்கேஜோட நெடுஞ்சாலைல விரட்டி ஓட்டுனா பிஸ்டன் ஜாம் ஆக வாய்ப்பிருக்கு. ஆயில்லயும் ஒரு தப்பு நடக்கும், வீட்ல மிச்சம் இருக்குற கார் ஆயில ஊத்துறது. பெரும்பாலான பைக்ல கிளட்ச் பிளேட் என்ஜின் ஆயில்லயே மூழ்கி இருக்கும், சில கார் ஆயில்ல இருக்குற வழவழப்பு கெமிக்கல் கிளட்ச்ச ஸ்லிப் ஆக்கிடும். டப்பால ஜேஏஎஸ்ஓ எம்ஏ (JASO MA, இந்த மாதிரி கிளட்ச்சுக்கு ஏத்த ஆயில்ங்கற தர முத்திரை)னு போட்டிருக்கானு பாத்து வாங்குங்க.

கரண்ட் பக்கம் வந்தா, போன் சார்ஜர், எக்ஸ்ட்ரா லைட்டுனு மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு மல்டிமீட்டர எடுத்து பேட்டரில வைங்க. 12 வோல்ட் வண்டில ஆக்சிலேட்டர் முறுக்குனா 14 வோல்ட் பக்கம் வரணும், ஏறவே இல்லனா சார்ஜ் ஆகல, 15ஐ தாண்டுனா ரெகுலேட்டர் போச்சு. சில ரொம்ப பழைய வண்டி 6 வோல்ட், அதுல இந்த கணக்கே வேற.

பிரேக், செயின் எல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், சுருக்கமா சொல்றேன். டிஸ்க் பிரேக்னா பிரேக் ஆயில முழுசா மாத்துங்க, அது காத்துல இருக்குற ஈரத்த உறிஞ்சும், மலை இறக்கத்துல சூடாகி கொதிச்சா லீவர் சும்மா உள்ள போகும். செயின மட்டும் மாத்திட்டு தேஞ்ச ஸ்ப்ராக்கெட்ட (செயின் ஓடுற பல் சக்கரம்) விட்டா புது செயினும் சீக்கிரம் போயிடும். முன் வீல தூக்கி வச்சு ஹேண்டில மெதுவா திருப்புங்க, நேரா வர்ற இடத்துல "டக்"னு மாட்டுச்சுனா கோன் செட் (ஹேண்டில் திரும்புற இடத்து பேரிங்) காலி.

இப்போ எல்லாத்தையும் விட பெரிய தப்பு, பதினஞ்சு கிலோமீட்டர் ஓட்டிட்டு "வண்டி பக்காவா இருக்கு"னு சொல்றது. வயசான இக்னிஷன் காயில் சூடு ஏறுனா தான் மக்கர் பண்ணும், லக்கேஜ் கேரியர் ரெண்டு மணி நேர அதிர்வுக்கு அப்புறம் தான் விரிசல் விடும். ரைடுக்கு கொண்டு போற அதே எடைய கட்டிக்கிட்டு ஒரே நாள்ல 300 கிலோமீட்டர் போங்க, வந்ததும் ஒவ்வொரு நட்டு போல்ட்டையும், ஸ்போக்கையும் திரும்ப டைட் வைங்க. அடுத்த வாரம் இன்னொரு தடவ.

காசு விஷயம் ஒண்ணு இருக்கு. நன்கொடையா வந்த காசுல வண்டிக்கு செயின் வாங்கிட்டு அப்புறம் போட்டுக்கலாம்னு நினைக்காதீங்க, வண்டி செலவு, பெட்ரோல் எல்லாம் நம்ம கைக்காசுனு முதல்லயே சொல்லிடுங்க. அப்புறம் வண்டி ஓட ஆரம்பிச்சதுக்கு அப்புறமா தேதிய அறிவிங்க, தேதிய சொல்லிட்டு வண்டி தேடுனா அவசரத்துல விட்ட வேலை எல்லாம் ரோட்டுல வந்து நிக்கும்.

கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் ரெண்டுக்கும் புதுசு ஒண்ணு வாங்கி, ஓடுற கேபிள் பக்கத்துலயே சேர்த்து கட்டி வச்சிடுங்க. அறுந்தா டேங்க்க கழட்ட வேண்டாம், முனைய மாத்தி மாட்டிட்டு அஞ்சு பத்து நிமிஷத்துல கிளம்பிடலாம்.