பள்ளிக்கு மேலாண்மை மென்பொருள் வாங்கும்போது: சொந்தப் பதிவேட்டைக் கொண்டு சோதிக்கும் முறை

பெருந்துறைக்கும் காங்கேயத்துக்கும் இடையிலுள்ள ஒரு மெட்ரிக் பள்ளியின் அலுவலகத்தில் பல ஆண்டுகளாகப் பணியாற்றும் நான், பள்ளிக்கான மேலாண்மை மென்பொருளை இரண்டு முறை தேர்ந்தெடுத்திருக்கிறேன். முதல் முறை, மே மாதச் சேர்க்கை நெருக்கடியின் நடுவே, விற்பனைப் பிரதிநிதி மடிக்கணினியில் காட்டிய மாதிரிப் பள்ளியைப் பார்த்து மயங்கி வாங்கினோம். அந்த மாதிரிப் பள்ளியில் எல்லா மாணவரும் கட்டணத்தை ஒரே தவணையில் கட்டியிருந்தார்கள். ஒருவர்கூட ஆண்டின் நடுவில் பள்ளியை விட்டுப் போகவில்லை. நம் பள்ளிகள் அப்படி இயங்குவதில்லை. ஆகவே நவம்பரில் தேடத் தொடங்குங்கள். பிப்ரவரிக்குள் முடிவெடுத்தால்தான் மே விடுமுறையில் பழைய விவரங்களை ஏற்றிச் சரிபார்க்கவும், ஜூனில் தடுமாற்றமின்றிப் பள்ளியைத் திறக்கவும் இயலும்.

நிறுவனங்களை அழைப்பதற்கு முன், சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து இருபது மாணவர்களைப் பொறுக்கி எடுங்கள். எளிதானவர்கள் வேண்டாம், அலுவலகத்தில் அடிக்கடி சிக்கல் தருகிற பதிவுகளே வேண்டும். பெயரையும் ஆதார், கைப்பேசி எண்களையும் மாற்றிவிட்டுத்தான் அந்தப் பட்டியலை வெளியாளிடம் கொடுக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத அனைவரையும் குழந்தைகள் என்றே கொள்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் நம்மை நம்பிப் பெற்றோர் தந்த விவரம் அது.

அந்த இருபதில் யார் யார் இருக்க வேண்டும்? முதலில், ஒரே வீட்டிலிருந்து வரும் அண்ணன் தங்கை. எங்கள் கட்டணச் சாளரத்தில் ஒரு தகப்பனார் ஐயாயிரம் ரூபாயை நீட்டி, "பெரியவனுக்கு மூவாயிரம், சின்னவளுக்கு மீதி வரவு வெச்சுக்குங்க மேடம், பாக்கிய மஞ்சள் வித்ததும் கட்டிடறனுங்க" என்பார். இந்த ஒரு வேண்டுகோளை மென்பொருள் எத்தனை சொடுக்கில் முடிக்கிறது, இரண்டு ரசீதிலும் நிலுவை சரியாக வருகிறதா, தவறாகப் போட்ட ரசீதை ரத்து செய்தால் யார் எப்போது ரத்து செய்தார் என்ற தடம் நிற்கிறதா என்பதைப் பிரதிநிதி செய்து காட்ட வேண்டும். அவர் செய்து முடித்தபின், அன்றாடம் ரசீது போடுகிற ஊழியரிடமே விசைப்பலகையைக் கொடுத்து அதையே மறுபடி செய்யச் சொல்லுங்கள். அவர் தயங்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த குழந்தை. அக்குழந்தையின் கற்பிப்புக் கட்டணம் அரசிடமிருந்து பள்ளிக்கு வரவேண்டியது. அதைப் பெற்றோரின் நிலுவையாகக் காட்டும் மென்பொருள், கட்டவேண்டாத பணத்துக்காக ஓர் ஏழைக் குடும்பத்துக்கு நினைவூட்டல் அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தத் தாய் பதறிக்கொண்டு பள்ளிக்கு ஓடிவருவதை ஒருமுறை பார்த்தவர்கள் இதைச் சிறிய குறையென்று விடமாட்டார்கள்.

இனப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் இடத்தையும் திறந்து பாருங்கள். வெளிமாநிலத் தேவைக்கு எழுதப்பட்ட மென்பொருளில் பொது, ஓபிசி, எஸ்சி, எஸ்டி என்று நான்கே இருக்கக்கூடும். நமக்கு பிசி, பிசிஎம் (பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்), எம்பிசி, எஸ்சிஏ (அருந்ததியர்) என்று தனித்தனியாக வேண்டும். அருந்ததியர் மக்கள் மிகுதியாக வாழும் கொங்கு மாவட்டங்களில், 2009இல் அவர்களுக்குக் கிடைத்த 3 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு பள்ளிப் பதிவில் தவறாக ஏறிவிடுவது பொறுக்கத்தக்க பிழையன்று.

முகவரியும் அப்படியே. தோட்டத்து வீட்டுக்குக் கதவு எண்ணும் தெருப்பெயரும் இருப்பதில்லை. இன்ன வலசு, இன்னார் தோட்டம் என்பதே முகவரி, இன்ன பிரிவு (கிளைச்சாலை பிரியும் இடம்) என்பதே வேன் நிற்கும் இடம். தெருப்பெயரை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவிடாத மென்பொருள் நமக்கு ஒத்துவராது. பெயரில் முதலெழுத்து முன்னால் வருவதையும், குடும்பப் பெயர் என ஒன்று இல்லாததையும் அது ஏற்றாக வேண்டும்.

திருப்பூரை ஒட்டிய பள்ளிகள், பனியன் கம்பெனி வேலைக்காக வந்து ஆண்டின் நடுவே ஊர் திரும்பும் குடும்பத்துப் பிள்ளை ஒருவரைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். மாற்றுச் சான்றிதழ் நம் படிவத்தில், எமிஸ் எண்ணோடு (மாநிலப் பள்ளிக் கல்வித் துறையின் தகவல் தளம் மாணவருக்குத் தரும் எண்) வருகிறதா என்று அச்சிட்டே பாருங்கள். எமிஸ், மத்திய அரசின் பள்ளித் தகவல் தளமான யூடைஸ் ஆகியவற்றோடு தானாகவே இணைந்துவிடும் என்ற பேச்சை, நேரில் செய்து காட்டும்வரை நம்ப வேண்டாம். அத்தளங்கள் கேட்கும் விவரங்களை எக்செல் கோப்பாக எடுக்க முடிந்தாலே பெரும் வேலை குறையும்.

தமிழைப் பற்றித் தனியே கேளுங்கள். பழைய கோப்புகள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருந்தால் அவற்றை, எல்லாக் கணினியிலும் ஒன்றுபோலத் தெரியும் யுனிகோடு முறைக்கு மாற்றித் தருவது யார் பொறுப்பு, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பது முன்பே தெரிய வேண்டும். குறுஞ்செய்தியில் இன்னொரு கணக்கு இருக்கிறது. ஆங்கிலத்தில் 160 எழுத்து வரை ஒரு செய்தி, தமிழில் 70தான். அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படுவதால் 'பள்ளி' என்ற மூன்றெழுத்துச் சொல்லே ஐந்தாகிறது. 'தங்கள் மகன் இன்று பள்ளிக்கு வரவில்லை.' என்பதற்கு 37 போய்விடும். பெயர், வகுப்பு, பள்ளிப் பெயர் சேர்ந்தால் இரண்டு செய்திக்கான விலை. செய்தி வார்ப்புருக்களை, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, நிறுவனங்கள் அனுப்பும் குறுஞ்செய்திகளுக்கான டிஎல்டி தளத்தில் பதிவு செய்யவும் வேண்டும். செலவு கூடுமென்பதற்காக ஆங்கிலத்துக்கு மாறிவிடாதீர்கள். செய்தியைச் சுருக்கி எழுதுங்கள்.

விலையை ஐந்தாண்டுக்குக் கணக்கிடுங்கள். ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 800 மாணவருக்கு 80,000; 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்து 94,400; ஐந்தாண்டில் 4,72,000. தரவேற்றம், பயிற்சி, குறுஞ்செய்தி, இணையவழிக் கட்டணச் சேவை ஆகியவை இதற்குமேல். மாணவர் எண்ணிக்கையை எந்தத் தேதியில் எடுப்பார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஜூன் எண்ணிக்கையும் செப்டம்பர் எண்ணிக்கையும் ஒன்றல்ல.

முன்பே பயன்படுத்தும் பள்ளிகளுக்குச் சென்றால், தாளாளரோடு நிற்காமல் அலுவலக ஊழியரிடமும் பேசுங்கள். மின்வெட்டில் ரசீது எப்படிப் போடுகிறார்கள், தொலைபேசியில் அழைத்தால் தமிழில் பதில் சொல்லும் ஆள் உண்டா என்பவை அவருக்குத்தான் தெரியும்.

ஒப்பந்தத்தில் நான் விட்டுக்கொடுக்காத நிபந்தனை, விலகும்போது தரவைத் திருப்பித் தருவது பற்றியது. எங்கள் முதல் நிறுவனத்திடமிருந்து பிரிந்தபோது, ஆறு ஆண்டுக் கட்டண வரலாறு அச்சுப்பக்கங்களாக மட்டுமே கையில் கிடைத்தது. அதை இரண்டு பேர் ஒரு கோடை முழுவதும் மறுபடி தட்டச்சு செய்தார்கள். எனவே மாணவர் விவரம், ரசீது, மதிப்பெண், வருகை ஆகிய நான்கும் எக்செல் வடிவில் கேட்ட 15 நாட்களுக்குள் கட்டணமின்றி வர வேண்டும், அதன்பின் அவர்களின் சர்வரிலிருந்து அழிக்கப்பட வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். முதல் பருவம் முடிந்ததும் ஒருமுறை அப்படிக் கேட்டுப் பெற்று, அந்த இருபது பிள்ளைகளின் உண்மையான பதிவுகளைக் காகிதப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே இரண்டாம் தவணைப் பணத்தை விடுவியுங்கள்.