கொலோனோஸ்கோபிக்கு முன் வயிறு சுத்தம்: எந்த மருந்து யாருக்கு?

கொலோனோஸ்கோபி என்பது ஆசனவாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை. அதன் பேரைக் கேட்டதும் எல்லோருக்கும் அந்தக் குழாயை நினைத்துத்தான் பயம். அந்த நேரத்தில் பெரும்பாலும் மயக்க ஊசி போட்டுவிடுவார்கள், ஒன்றும் தெரியாது. கஷ்டமெல்லாம் முதல் நாள் ராத்திரிதான். குடலில் மலம் ஒட்டிக்கொண்டிருந்தால் சின்ன பாலிப் (குடலின் உள்சுவரில் வளரும் சதை) கண்ணில் படாது, மோசமாக இருந்தால் பாதியில் நிறுத்தி இன்னொரு நாள் வரச் சொல்வார்கள், பட்டினி கிடந்ததும் பணம் கட்டியதும் வீண்.

நம் ஊர் மருந்துக் கடைகளில் அதிகம் ஓடுவது பெக்லெக் மாதிரியான பிஇஜி (பாலிஎத்திலீன் கிளைகால்) பேதி பவுடர். பாக்கெட்டை 2 லிட்டர் தண்ணீரில் கரைத்து, 10-15 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் வீதம் குடிக்க வேண்டும். இது உடம்பில் சேராது, குடித்த தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வெளியே போய்விடும், அதனால் ரத்தத்தில் உப்புகள் தாறுமாறாவது குறைவு. கிட்னி, இதயக் கோளாறு உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் டாக்டர்கள் பெரும்பாலும் இதையே எழுதுவது அதனால்தான். ஆனால் குடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்: உப்புக் கரிக்கிற வழவழப்பு, மூன்றாவது டம்ளரிலேயே குமட்டும். ஃபிரிட்ஜில் வைத்துச் சில்லென்று, ஸ்ட்ரா போட்டுக் குடித்தால் எவ்வளவோ தேவலை. நடுவில் எலுமிச்சைத் துண்டை நக்கிக்கொள்ளலாம், கரைசலில் சர்க்கரை மட்டும் போடாதீர்கள். வாந்தி வந்தால் அரை மணி நேரம் விட்டு, மெதுவாகத் தொடருங்கள்.

அளவு குறைவாக வேண்டும் என்றால் சல்பேட் கரைசல் இருக்கிறது. மருந்து கொஞ்சம்தான், ஆனால் பின்னாலேயே லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்தாக வேண்டும், அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சோடியம் பிகோசல்பேட், மெக்னீசியம் கலந்த பொடி ஆரஞ்சு ருசியில் வரும், குடிக்க இதுதான் சுலபம். இரண்டிலும் கிட்னி பலவீனமானவர்களுக்கு எச்சரிக்கை தேவை. சோடியம் பாஸ்பேட் இன்னும் மோசம், அது கிட்னியைக் கெடுக்கலாம் என்று 2008-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடுமையாக எச்சரித்தது. பக்கத்து வீட்டுக்காரர் குடித்தார், சுலபமாக இருந்ததாம் என்று நீங்களே வாங்கிவிடாதீர்கள். விளக்கெண்ணெய் போதாதா என்று பாட்டி கேட்பார், போதாது.

என்னைக் கேட்டால் எந்த பிராண்ட் என்பதைவிட எப்போது குடிக்கிறோம் என்பதுதான் பெரிய விஷயம். மொத்தத்தையும் ராத்திரியே குடித்து முடித்தால், விடிவதற்குள் சிறுகுடலிலிருந்து இறங்கும் கழிவு வலது பக்கக் குடலில் மறுபடி படிந்துவிடும். பாதி முதல் நாள் மாலை, மீதிப் பாதி சோதனைக்கு 4-6 மணி நேரம் முன்னால், இப்படிப் பிரித்துக் குடித்தால் சுத்தம் நன்றாக வரும். காலை 8 மணிக்கு சோதனை என்றால் விடிகாலை 3 மணிக்கு எழுந்திருக்க வேண்டியிருக்கும், வேறு வழியில்லை. வெளியூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் முதல் நாளே வந்து ஆஸ்பத்திரி பக்கத்தில் அறை எடுங்கள், இல்லையென்றால் மதிய நேரம் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு மூன்று நாள் முன்னாலிருந்தே கீரை, கொய்யா, மாதுளை, வெண்டைக்காய், விதையுள்ள எதுவும் வேண்டாம். இட்லி, தயிர் சாதம் சரி. முதல் நாள் டாக்டர் சொன்ன நேரத்திலிருந்து தெளிவான திரவம் மட்டும்: வடிகட்டிய எலுமிச்சை ஜூஸ், பால் விடாத டீ, இளநீர் (கிட்னிக்காரர்கள் இளநீரைக் கேட்டுவிட்டுக் குடிக்கவும்). சிவப்பு, ஊதா நிறப் பானங்கள் கூடாது, உள்ளே ரத்தம் மாதிரி தெரியும். இரும்புச்சத்து மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சர்க்கரை மாத்திரை, இன்சுலின், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை பற்றி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், அவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது. நாள்பட்ட மலச்சிக்கல் இருந்தால் அதையும் சொல்லுங்கள், கூடவே டல்கோலாக்ஸ் என்ற பேதி மாத்திரை தருவார்கள்.

ஆரம்பத்திலேயே ஆசனவாயில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், பத்தாவது தடவை போகும்போது எரியாது.

கடைசியில் சிறுநீர் மாதிரி மஞ்சளாக, தெளிவாகப் போக வேண்டும். காலையிலும் பழுப்பாகக் கலங்கலாகப் போனால் மறைக்காமல் நர்ஸிடம் சொல்லிவிடுங்கள், எனிமா கொடுத்தோ நேரத்தைத் தள்ளிவைத்தோ சமாளிப்பார்கள்.