மேய்ப்பனைப் பற்றி முதல்முறை வேதபாடம் எடுக்கிறீர்களா?

அடுத்த வெள்ளிக்கிழமை செல் குழுவில் (சபையார் சிலர் ஒரு வீட்டில் கூடி வேதம் படிக்கும் சிறு குழு) நீங்கள்தான் பாடம் எடுக்க வேண்டும், தலைப்பு 'மேய்ப்பன்' என்று சொல்லிவிட்டார்களா? நானும் போன வருஷம் சிங்கப்பூர் ஈசூனில் ஒரு வீட்டுக் கூடத்தில் பத்துப் பேர் முன்னால் உட்கார்ந்து நன்றாகச் சொதப்பினேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

படி 1: சங்கீதம் 23-ஐக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள்

'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்' என்று தொடங்கும் இது எல்லோருக்கும் மனப்பாடம், அதனாலேயே யாரும் யோசிக்க மாட்டார்கள். நான் அங்கேதான் ஆரம்பித்தேன், ஐந்து நிமிஷத்தில் எல்லோர் கண்ணும் டீ ஃபிளாஸ்க் பக்கம் போய்விட்டது. அதோடு, தேக்கா சந்தையில் கறியாகத்தான் ஆட்டைப் பார்க்கிற நமக்கு மேய்ப்பன் என்றாலே காலண்டரில் குட்டியைத் தோளில் போட்டிருக்கும் படம்தான் ஞாபகம் வரும்.

படி 2: எசேக்கியேல் 34:1-10, சத்தமாக

முக்கால்வாசி நேரம் இங்கேதான் போக வேண்டும். அதற்கு முன்னால் 33:21-ஐக் காட்டுங்கள்: எருசலேம் விழுந்துவிட்டது என்று தப்பி வந்த ஒருவன் சொல்கிறான், அடுத்த அதிகாரத்திலேயே மேய்ப்பர்களுக்குத் திட்டு விழுகிறது. இவர்கள் ஆடு மேய்த்தவர்கள் இல்லை, நாட்டை ஆண்டவர்கள். அந்தக் காலத்து ராஜாக்கள் தங்களை மேய்ப்பன் என்று சொல்லிக்கொள்வது சகஜம், பாபிலோனின் ஹம்முராபிகூடத் தன் சட்டத் தொகுப்பின் முன்னுரையில் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறான். அந்தப் பட்டத்தை வைத்தே இங்கே கணக்குக் கேட்கப்படுகிறது.

4-ஆம் வசனத்தில் அவர்கள் செய்யாமல் விட்ட ஐந்தையும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள்: பலவீனமானதைப் பலப்படுத்துவது, நசல்கொண்டதைக் குணமாக்குவது, எலும்பு முறிந்ததற்குக் கட்டுப் போடுவது, துரத்தப்பட்டதைத் திரும்பக் கொண்டுவருவது, காணாமல் போனதைத் தேடுவது. ('நசல்' என்றால் நோய். ஒரு பையன் கேட்டான், நான் முழித்தேன், நீங்கள் முழிக்க வேண்டாம்.) கொழுத்த, நன்றாக நடக்கிற ஆடு இந்த ஐந்தில் ஒன்றிலும் இல்லை, கவனித்தீர்களா? நம் குழுக்களில் நாம் யாரோடு அதிகம் பேசுகிறோம் என்று அப்போது கேளுங்கள், கூடம் தானாக அமைதியாகும்.

படி 3: சிங்கம், ஓநாய்

1 சாமுவேல் 17:34-35-ஐயும் யோவான் 10:12-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தாவீது சிங்கத்தின் வாயிலிருந்து குட்டியைப் பிடுங்குகிறான், கூலியாள் ஓநாயைக் கண்டதும் ஓடுகிறான். விளக்கம் வேண்டாம்.

படி 4: இப்போது சங்கீதம் 23

'உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்' என்பதில் நிறுத்துங்கள். தடியைப் பார்த்து ஆட்டுக்கு ஏன் தைரியம் வருகிறது என்று கேட்டால், படி 3-ஐப் பார்த்தவர்கள் தாங்களே பதில் சொல்வார்கள்.

படி 5: 1 பேதுரு 5:2-3

சபை மூப்பர்களுக்கு எழுதியது. மந்தையை இறுமாப்பாய் ஆளாமல் அதற்கு மாதிரியாக இருங்கள் என்கிறார். கத்தோலிக்க நண்பர்கள் பிஷப்பை 'ஆயர்' என்பார்கள், அதுவும் மேய்ப்பவர் என்கிற அர்த்தம்தான், நேரமிருந்தால் சொல்லுங்கள்.

படி 6: வருகைப் பதிவு

ஒன்பதரைக்கு முடித்துவிடுங்கள், மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். எல்லோரும் கிளம்பியதும் குழுவின் பெயர்ப் பட்டியலை எடுத்து, மூன்று வாரமாக வராதவர் யார் என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் கைகூப்பும் படம் அனுப்பாதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஃபோனில் பேசுங்கள். நான் கூப்பிட்டவர் எடுத்தவுடனே கேட்டது, "என்ன தம்பி, காணிக்கை விஷயமா?"